மதில் மேல் வைத்த கேக்

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சமையலறை வாசலில் உட்கார்ந்து பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி செல்போனைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றாள்.

“ஏனுங்க, புள்ள பேசுனா. கிறிஸ்மஸ் லீவுல ரெண்டு பேரும் வர்றாங்களாமா. ரெண்டு நாள் இருந்துட்டுப் போறாங்களாமா.”

“வரட்டும்” என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு உரித்ததில் நாரைத் தட்டிலும் காயைக் குப்பைக் கூடையிலும் போட்டிருக்கிறேன். அவள் கூடையிலிருந்து காயைப் பொறுக்கி எடுத்துக் கழுவினாள்.

எங்களுக்கு ஒரே மகள். அவள் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. வராததற்குக் காரணம் நான்தான், வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

எங்கள் வீடு குன்னூரிலிருந்து வெலிங்டன் போகும் வழியில், சாலைக்குக் கீழே சரிவில் இருக்கிறது. முன்னால் ஒரு இரும்புக் கேட், அதை ஒட்டி இடுப்பளவு மதில். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசம்பரில், தூறலில் நனைந்துகொண்டு ஒரு பையன் அந்தக் கேட்டுக்கு வெளியே நின்றான். கையில் ஒரு கேக் பெட்டி. பெங்களூரில் மகளோடு வேலை பார்ப்பவன். அவனைத்தான் கட்டிக்கொள்ளப் போவதாக அவள் முதல் நாள்தான் போனில் சொல்லியிருந்தாள். வேற்று மதம், கிறிஸ்தவன். நான் வராந்தாவில் நின்றபடியே, “நீங்க போலாம்” என்றேன். கேட்டின் கொக்கியைத் தொடவில்லை. “சார், இத மட்டுமாவது வாங்கிக்குங்க” என்று பெட்டியை மதில் மேல் வைத்துவிட்டு அவன் போய்விட்டான்.

உள்ளே வந்து ஜன்னலருகே நின்றேன். முதலில் ஒரு குரங்கு வந்தது. பிறகு குட்டியோடு ஒன்று. கடைசியில் ஏழெட்டு வந்து பெட்டியைக் கிழித்துக் கேக்கைப் பிய்த்துத் தின்றன. எல்லாம் முடிய அரை மணி நேரம் ஆகியிருக்கும். அந்த அரை மணி நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் வெளியே போய் எடுத்திருக்கலாம். ‘அவங்க பண்டிகைப் பலகாரம் நமக்கெதுக்கு’ என்று நின்றேன். சாயங்காலம் மகளைப் போனில் கூப்பிட்டு, “இனி இந்த ஊட்டுப் படி ஏறாத” என்று சொன்னேன். அவள் ஏறவில்லை. பெங்களூரிலேயே பதிவுத் திருமணம் நடந்தது. போட்டோ என் மனைவியின் போனுக்குத்தான் வந்தது.

கோபம் தணிய ஒரு வருஷம் ஆனது. தணிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள இன்னொரு வருஷம். அதற்குள் நான் ரிட்டயர் ஆகி வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். காற்றில் கேட் கிறீச்சிட்டால்கூட எழுந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. இப்போது அவளே வருகிறேன் என்கிறாள். இந்த ஒரு தடவை சரியாக நடக்காவிட்டால் இனி ஒரு தடவை இருக்காது என்று எனக்குத் தெரியும். அவள் என் மகள், என் பிடிவாதம் அவளுக்கும் உண்டு.

அதனால்தான் மறுநாளே ஒரு முடிவுக்கு வந்தேன். கிறிஸ்மஸை இந்த வீட்டில் முறையாகச் செய்துவிட வேண்டும். ஸ்டார், குடில், கேக் எல்லாம். எதையும் கடையில் வாங்கக் கூடாது. ஒரு கேக்கைக் குரங்குக்கு விட்டவன், ஒரு கேக்கையாவது என் கையால் சுட்டு வைத்தால்தான் அந்தப் பையன் முகத்தைப் பார்க்க முடியும்.

“முட்டை ஒடைக்கத் தெரியுமாங்க உங்களுக்கு?” என்று கேட்டாள் மனைவி.

தெரியாதுதான். ஆனால் கேக் எனக்குப் புதிதல்ல. வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் சிவிலியன் கிளார்க்காக முப்பத்திரண்டு வருஷம் இருந்தேன். அங்கே ஒருவர் டிசம்பர் கடைசியில் டிபன் பாக்ஸ் நிறைய பிளம் கேக் கொண்டுவருவார். அந்த ஒரு துண்டுக்காக அன்றைக்கு மதியச் சோற்றையே குறைத்துக்கொள்வேன். அதிலும் பாதியைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்து, சின்னவளாக இருந்த மகளுக்குக் கொண்டுவருவேன். அவள் திராட்சையைத் தனியாகப் பொறுக்கிக் கடைசியில் தின்பாள்.

பக்கத்து வீட்டில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். என் வயதுதான், அவரும் ரிட்டயர் ஆனவர், கத்தோலிக்கர். வருஷா வருஷம் வீட்டிலேயே கேக் சுடுபவர். மதிலுக்கு மேலாக விஷயத்தைச் சொன்னேன். “இப்பவே பழத்த ஊறப் போட்டுருங்க சார். ரம்முல ரெண்டு மாசம் ஊறுனாத்தான் கேக்குக்கு அந்த வாசனை வரும்” என்றார்.

அதுவரை மதுக்கடை வரிசையில் நின்றவனல்ல நான். குரங்குக் குல்லாயைக் கண் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற எட்டுப் பேரும் அதே குல்லாய்தான். ஒருவன் திரும்பி, “வணக்கம் சார், நல்லாருக்கீங்களா?” என்றான். பழைய ஆபீஸ் பியூன். பாட்டிலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்தேன்.

உலர் திராட்சை, பேரீச்சை, முந்திரி, பொடியாக நறுக்கிய ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் ஊறுகாய் ஜாடியில் போட்டு ரம் ஊற்றினேன். “சாமி அலமாரிப் பக்கமே அது வரக் கூடாது” என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஜாடி என் கட்டிலுக்கடியில் போனது. ஞாயிறுதோறும் திறந்து கிளறுவேன். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் வரும். அந்தப் பையன் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவானா? இல்லை, மாமியாருக்காக வந்து, மூலையில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துவிட்டுப் போய்விடுவானா?

நவம்பர் கடைசியில் ஒரு வெள்ளோட்டம் பார்த்தேன். யூடியூபில் சென்னை அம்மா ஒருவர் சொன்ன அளவை நோட்டில் எழுதி, கிராம் பிசகாமல் எடுத்து, டீச்சரம்மாவிடம் வாங்கிய ஓவனில் வைத்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் கேக் எழும்பியது, எழும்பியது, டின்னைத் தாண்டி எழும்பியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வந்து நின்ற அந்த நேரத்தில்தான் அது நடுவில் அமுங்கிக் கிணறு மாதிரி உள்ளே போனது.

டீச்சரம்மா வந்து பார்த்துச் சிரித்தார். “கீழ இருக்கறவங்க அளவு இங்க செல்லாது சார். மலமேல காத்து லேசு. பேக்கிங் பவுடரப் பாதியாக் கொறைங்க, சூட்டக் கொஞ்சம் கூட்டுங்க.”

கோயமுத்தூரிலிருந்து வேலைக்காக இந்த மலைக்கு ஏறி வந்தவன் நான். சோறு வேக ஒரு விசில் கூடுதலாக வேண்டும் என்பதை முதல் மாதமே கற்றுக்கொண்டவன். முப்பத்தைந்து வருஷம் கழித்தும் கீழ்க் கணக்கை மேலே போட்டிருக்கிறேன். மூன்று தடவை சுட்ட பிறகு ஒருவாறு கைவந்தது. விழுந்த கேக்குகளை நாங்கள் இருவரும் காலை டீக்குத் தொட்டுத் தின்று தீர்த்தோம்.

ஸ்டார் அதைவிடப் பெரிய பாடு. மூங்கில் சிம்புகளைச் சீவி, கட்டுக்கம்பியால் ஐந்து முனை கட்டி, சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணாடிக் காகிதம் ஒட்டி, ஓரத்துக்கு ஜிகினா தூவினேன். குன்னூர் டிசம்பர் பனிமூட்டத்தில் மைதாப் பசை காயவே காயாது. காலையில் ஒட்டினால் சாயங்காலம் காகிதம் தொங்கும். ஓவன் சூடாக இருக்கும்போது அதன் மேல் ஸ்டாரைப் பிடித்துக்கொண்டு நின்று காய வைத்தேன். பைன் காய்களைப் பொறுக்கி வந்து வெள்ளிப் பெயின்ட் அடித்தேன். சைப்ரஸ் கிளை ஒன்றை வாளியில் நட்டு அவற்றைக் கட்டினேன். தட்டில் ராகி விதைத்து முளைக்க வைத்தேன், குடிலுக்கு முன்னால் புல்வெளி வேண்டுமே.

குடிலுக்கான பொம்மைகளை டீச்சரம்மா கொடுத்தார். ஒரு ஆட்டுக்கு ஒரு கால் இல்லை. அதைப் பாசியில் புதைத்து நிறுத்தினேன். மறுநாள் பார்த்தால் பொம்மை மாட்டின் நெற்றியில் குங்குமப் பொட்டு.

“இதென்ன கூத்து?” என்று கத்தினேன்.

“மாடுன்னா பொட்டில்லாம எப்படிங்க வெக்கறது?” என்றாள் மனைவி. அழித்தால் கறை நிற்கும் என்று அப்படியே விட்டேன்.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி எல்லாம் தயார். ரம்மில் ஊறிய பழம் போட்ட கேக் பொன் பழுப்பாக, கிணறு விழாமல் வந்துவிட்டது. ஸ்டாரை வராந்தாவில் கட்டி உள்ளே பல்பு போட்டேன். மனைவி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு உடனே விழுந்தது. பதில் வரவில்லை.

“வேலையா இருப்பா” என்றாள் மனைவி. மத்தியானமும் பதில் இல்லை. சாயங்காலம், “இன்னொருக்கா பாரு” என்றேன். இல்லை. மறுநாள் காலையில் நானே மனைவியின் போனை நான்கு தடவை எடுத்துப் பார்த்தேன். என்ன தப்பு செய்தோம்? ஸ்டார் கோணலாக இருக்கிறதா? மாட்டுக்குப் பொட்டு வைத்தது பையனுக்குப் பிடிக்கவில்லையா?

பத்து மணிக்குப் போன் வந்தது. மனைவி சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். மகளின் குரல் தாழ்ந்து, தயங்கித் தயங்கி வந்தது.

“அம்மா, போட்டோ பாத்தேன். அப்பாவா செஞ்சாரு இதெல்லாம்?”

“பின்னே? ரெண்டு மாசமா இதே சோலிதான் கண்ணு.”

“அம்மா... அவங்க வேற சபைம்மா. அவங்க ஊட்டுல கிறிஸ்மஸே கொண்டாடறதில்ல. ஸ்டாரு, குடிலு, பொம்மை எதுவும் வெக்கக் கூடாதும்பாங்க. கேக்குல ரம்மு கலந்திருக்குதா? அவரு கையில தொட மாட்டாரு.” குரல் இன்னும் தாழ்ந்தது. “அப்பாகிட்டச் சொல்லாதீங்க, கோவிச்சுக்குவாரு. இத்தன செஞ்சிட்டு எடுங்கன்னா அவரு தாங்க மாட்டாரு. நாங்க வரலீம்மா. லீவு கெடைக்கலைன்னு சொல்லிருங்க.”

மூன்று வருஷம் கழித்தும் என் மகளுக்கு என்னைப் பற்றி முதலில் ஞாபகம் வருவது என் கோபம்தான். அதைக் கேட்டு எனக்கு வந்ததும் கோபம்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்ததைத்தானே சொல்ல வேண்டும். சமையலறை வாசலில் வந்து நின்று, “கிறிஸ்மஸ் கொண்டாடாத கிறிஸ்டியனா? அப்ப ரெண்டு மாசமா நான் என்ன பைத்தியக்காரனா?” என்று கத்திவிட்டேன்.

போன் கட் ஆனது.

மனைவி மாவுக் கையோடு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. “போதுங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு மாவைப் பிசைய ஆரம்பித்தாள்.

டீச்சரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. “மொதல்லயே எந்தச் சபைன்னு கேட்டிருக்கோணும் சார். நாங்க குடில் வெப்போம், அவங்க அத வெக்கவே மாட்டாங்க. உங்கள்ளயே ஒருத்தரு கெடா வெட்டறீங்க, இன்னொருத்தரு முட்டைகூடத் தொடறதில்ல, அப்படித்தான்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. கிறிஸ்தவர் என்றால் எல்லாரும் ஒன்று என்று நினைத்துத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்டைத் திறக்கவில்லை. அதே நினைப்பில்தான் இப்போது ஸ்டாரும் கட்டியிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது.

வீட்டுக்கு வந்து என் போனிலிருந்து மகளைக் கூப்பிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு நானாகக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை எடுத்தாள்.

“கண்ணு, ஸ்டாரையெல்லாம் எடுத்தாச்சு. வேற கேக்கு செஞ்சிருக்கேன், ரம்மு இல்லாம. நீ வா சாமி. மாப்பளையக் கூட்டிட்டு வா” என்றேன்.

“சரிப்பா” என்றாள். அந்தச் சரியில் வருகிறேன் என்பது இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சொன்ன இரண்டும் பொய். ஸ்டார் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பொய்யை மெய்யாக்க, அவர்கள் வருவதாகச் சொல்லியிருந்த இருபத்தினாலாம் தேதி மத்தியானம் வரைக்கும்தான் நேரம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் குடிலைப் பிரித்தேன். ராகி முளைத் தட்டைப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தேன். சைப்ரஸ் கிளையை வாளியிலிருந்து பிடுங்கி வேலியோரம் போட்டேன். பொம்மைகளைத் துணியில் சுற்றி டீச்சரம்மாவிடம் கொடுத்தபோது, ஸ்டாரையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். “ரெண்டு மாச ஒழைப்பு சார். பரண்ல போட வேண்டாம், எங்க வராந்தாவுல எரியட்டும்.”

பிறகு கேக். ரம்முக்குப் பதில் என்ன? இந்த மலையில் எந்த வீட்டிலும் தீராதது தேயிலை ஒன்றுதான். கெட்டியாக டிகாக்ஷன் போட்டு, ஆரஞ்சுச் சாறு பிழிந்து, சுடச்சுடப் பழங்களை அதில் ஊற வைத்தேன். இரண்டு மாதம் ஊற வேண்டியது ஒரு ராத்திரி ஊறியது. இருபத்தினாலாம் தேதி காலையில் ஓவனைப் போட்டேன். கரன்ட் போய்விடக் கூடாதே என்று பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரன்ட் போகவில்லை. ஆனால் பதற்றத்தில் நேரத்துக்கு முன்பே கதவைத் திறந்துவிட்டேன். நடுவில் ஒரு விரல் ஆழம் அமுங்கியது. இன்னொன்று சுட நேரமில்லை. ரம் கேக்கை அரிசி டிரம்முக்குள் ஒளித்தேன்.

அவர்கள் முதல் நாளே கோயமுத்தூரில் பையன் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார்கள். பதினோரு மணி பஸ் என்று மனைவிக்குச் செய்தி வந்தது. இரண்டு மணிக்குள் வந்துவிட வேண்டும். மூன்றாயிற்று. மலைப்பாதையில் பர்லியாருக்கு மேலே மரம் விழுந்து வண்டிகள் நிற்பதாகச் சாலையோரக் கடைக்காரர் சொன்னார். கூப்பிட்டால் இருவர் போனும் தொடர்பு எல்லைக்கு வெளியே. வளைவில் சிக்னல் இருக்காது, அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மனசு கேட்க வேண்டுமே. ‘மரத்தைச் சாக்கு வைத்துத் திரும்பிப் போய்விட்டார்கள். அவன் போகலாம் என்றிருப்பான். அவளும் அப்பாடா என்று திரும்பியிருப்பாள்.’ மூடுபனியில் சாலைக்கு ஏறுவதும் இறங்குவதுமாக ஆறு தடவை போய் வந்தேன். “கால் ஒடிஞ்சு விழப்போறீங்க” என்றாள் மனைவி. அவளும் வராந்தாவை விட்டு அசையவில்லை.

நாலரை மணிக்கு மூடுபனிக்குள்ளிருந்து இரண்டு உருவம் இறங்கி வந்தது. கேட்டை நான்தான் திறந்தேன். மகள் மெலிந்திருந்தாள். “அப்பா” என்றாள். அந்தப் பையன், என் மாப்பிள்ளை, மதிலுக்குப் பக்கத்தில் ஒரு நொடி நின்றான். எங்கே நின்றிருந்தானோ அதே இடம்.

“உள்ள வாங்க மாப்ள” என்றேன். “வர்றேனுங்க” என்று செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். மரியாதையான பிள்ளை, ஆனால் பேச்சு அளந்துதான் வந்தது. கேட்டதற்குப் பதில், மற்றபடி தரையைப் பார்த்தான். நானும் ரோடு எப்படி, மரம் எவ்வளவு பெரிசு என்று அதையே மூன்று விதமாகக் கேட்டேன்.

இருட்டும் நேரத்தில் பக்கத்து வராந்தாவில் ஸ்டார் எரிந்தது. மாப்பிள்ளை ஜன்னலருகே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நல்லாச் செஞ்சிருக்காங்க, கையில செஞ்சதாட்டத் தெரியுது” என்றான்.

“ஆமாங்க, டீச்சரம்மா” என்றேன்.

மகள் ஸ்டாரைப் பார்த்தாள், போட்டோவில் பார்த்த அதே ஸ்டார். பிறகு என்னைப் பார்த்தாள். என் குல்லாயில் ஒட்டியிருந்த ஜிகினாவை விரலால் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டீயோடு கேக்கைக் கொண்டுவந்து வைத்தேன். வெட்டியபோது கத்தி நடுப்பள்ளத்தில் இடறியது. “ரம்மு இல்லீங்க, தேயிலத் தண்ணியில ஊற வெச்சது” என்று கேட்காமலேயே சொன்னேன். மாப்பிள்ளை ஒரு வாய் தின்றான், இன்னொரு வாய் தின்றான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்தான். இரண்டு மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சை ஆரம்பித்தேன்.

“அன்னிக்கு நீங்க கொண்டாந்த கேக்கு... நான் எடுக்கலீங்க. குரங்குக தின்னுருச்சு. நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டே இருந்தேன். உங்க பண்டிகைக் கேக்குன்னு...”

அவன் தட்டை மெதுவாகக் கீழே வைத்தான்.

“அது எங்க பண்டிகைக் கேக்கு இல்லீங்க மாமா. எங்க ஊட்டுல கேக்கே வெட்டறதில்ல. இவதான் சொன்னா. ‘எங்கப்பாவுக்குப் பிளம் கேக்குன்னா உசுரு, வருசத்துக்கு ஒரு துண்டுதான் கெடைக்கும், அதுலயும் பாதிய எனக்குக் கொண்டாந்து குடுத்துருவாரு, நீ முழுசா ஒண்ணு வாங்கிட்டுப் போ’ன்னு. உங்களுக்குன்னுதானுங்க வாங்குனேன்.”

நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை, இருந்தும் அடுப்புக்கு முன்னால் நின்றேன். மூன்று வருஷமாக, யாரோ ஒரு பையனின் சாமியையும் பண்டிகையையும்தான் மதில் மேல் விட்டேன் என்று நினைத்திருந்தேன். விட்டது என் மகள் எனக்குக் கொடுத்தனுப்பிய கேக்கை. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

திரும்பி வந்தபோது மகள் திராட்சையைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் சேர்த்துக்கொண்டிருந்தாள். “நடுவுல வேகலப்பா” என்றாள். கண் சிவந்திருந்தது. “பேக்கிங் பவுடரு சரிதான், கதவத் தொறந்துட்டேன்” என்றேன். “அவசரம்” என்றாள் மனைவி. மாப்பிள்ளை இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மறுநாளும் மாப்பிள்ளை அளந்துதான் பேசினான். நானும் ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். அரிசி டிரம்முக்குள் இருந்த ரம் கேக்கை மகள் வாசனையிலேயே கண்டுபிடித்து, மூடிவிட்டு, என்னைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினாள். பொங்கலுக்கு வருவார்களா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

இருபத்தாறாம் தேதி காலை கிளம்பினார்கள். மிச்சமிருந்த டீ கேக்கை மனைவி ஒரு பெட்டியில் வைத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். நான் வராந்தாவிலேயே நின்றுவிட்டேன். கேட் வரை போனால் கண் கலங்கிவிடும் என்று தோன்றியது. அவர்கள் வெளியே போனார்கள். டாக்ஸி இன்னும் வரவில்லை. செருப்பு வாரைச் சரி செய்யக் குனிந்த மாப்பிள்ளை, கையிலிருந்த பெட்டியை மதில் மேல் வைத்தான்.

கூரை ஓரத்தில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது.

நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. செருப்பில்லை. உறைபனி விழுந்த புல்லில் கால் சுரீர் என்றது. “குரங்கு! மாப்ள, குரங்கு! எடுங்க அத!” என்று நான் போட்ட சத்தத்தில் டீச்சரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். அவன் நிமிர்வதற்குள் பெட்டியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். மூச்சு வாங்கியது. மாப்பிள்ளை என் வெறுங்காலைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தான்.

“குடுங்க மாமா, நான் புடிச்சுக்கறேன்” என்று கையை நீட்டினான்.

“வண்டி வரட்டுங்க” என்றேன். டாக்ஸி வந்து, அவர்கள் ஏறி, கதவைச் சாத்தும் வரைக்கும் அந்தப் பெட்டியை நான்தான் கையில் வைத்திருந்தேன்.